முடிந்ததும் முதிர்ந்ததும்: ஏல் நொதிப்பும் இன்மையை அறியும் அளவையும்

நிகழ்கின்ற ஒன்றைக் கண்ணால் கண்டு அறியலாம். நிகழ்ந்துகொண்டிருந்தது நின்றுபோயிற்று என்பதை எதனால் அறிவது என்னும் கேள்வி, வெறுந்தரையையும் அதில் இல்லாத குடத்தையும் முன்னிறுத்தி இந்திய மெய்யியலார் நூற்றாண்டுகளாக வாதிட்ட கேள்வியாகும். ஒரு பொருளை உண்மையாக அறிவதற்கான வழியைத் தமிழ்த் தருக்க நூல்கள் அளவை என்றும், வடமொழி நூல்கள் பிரமாணம் என்றும் குறித்தன. ‘இங்கே குடம் இல்லை’ என்னும் அறிவு காட்சி அளவையால் வருவதா, அனுமானம் எனப்படும் கருதல் அளவையால் வருவதா, அல்லது அதற்கெனத் தனி அளவை ஒன்று வேண்டுமா என்பதில் அவர்கள் ஒன்றுபடவில்லை. இந்த வாதத்தைக் கேள்விப்பட்டிராத ஓர் ஆங்கிலேயர் தம் வீட்டில் ஏல் காய்ச்சி ஊற்றிவைத்த கலத்தின் முன் நின்று, ‘இது முடிந்துவிட்டதா’ என்று கேட்கும்போது அவரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். அவர் தவறாக விடை சொன்னால் கண்ணாடிக் குப்பி வெடிக்கும் என்பது மட்டுமே வேறுபாடு.

ஏல் என்பது பியர் வகைகளுள் ஒன்று. வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்திப் பெறும் மால்ட்டை ஏறத்தாழ 66 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஊறவைத்தால், தானியத்திலுள்ள மாவுப்பொருள் சர்க்கரையாக உடைந்து நீரில் இறங்கும். அந்தச் சாற்றை வடித்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களோடு கொதிக்கவைத்து, 20 பாகை அளவுக்கு ஆற்றி, ஈஸ்ட்டைக் கலந்து மூடிவைத்தால், ஒரு நாளுக்குள் மேலே கெட்டியான நுரை எழும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடும் இந்தச் செயலே நொதித்தல். நுரை அடங்கி ஈஸ்ட் அடியில் படிந்தபின், ஏலை அப்படியேயோ குப்பியிலோ பீப்பாயிலோ வைத்திருந்து சுவை திருந்தவும் வாயு ஏறவும் விடும் இரண்டாம் கட்டம் பக்குவப்படுத்தல் எனப்படும். பிரித்தானியாவில் வீட்டில் ஏல் காய்ச்சுவதற்கு 1963 வரை உரிமம் வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் அதனை நீக்கியபின் அது வீடுகளில் பெருகிற்று. பெருகியபோது, ஆலையில் ஆய்வுக்கூடத்துக்குரியதாக இருந்த ‘முடிந்ததா’ என்னும் கேள்வியும் அடுக்களைக்கு வந்து சேர்ந்தது.

நொதிப்பைச் செய்வது யார் என்று தெரியாத காலத்தில் இந்தக் கேள்வி சமயத்தை ஒட்டியே நின்றது. 15ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நார்விச் நகரத்து ஏல் காய்ச்சுவோர் ஈஸ்ட்டைக் ‘கடவுள் நல்லவர்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். அது இறைவனின் பேரருளால் வருவது என்பது அவர்கள் கூறிய காரணம். பவேரியாவில் 1516இல் பிறந்த புகழ்பெற்ற பியர் தூய்மை ஆணை வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றையே மூலப்பொருள்களாகக் குறித்தது, ஈஸ்ட்டைக் குறிப்பிடவில்லை. 1837இல் காஞ்ஞார் லத்தூர், ஷ்வான், க்யுட்சிங் ஆகிய மூவரும் தனித்தனியே ஈஸ்ட் உயிருள்ளது என்று அறிவித்தபோது, வேதியியலின் அன்றைய பேரறிஞர் லீபிக் அதனை ஏளனம் செய்தார். நொதிப்பு என்பது அழுகும் பொருளின் அசைவு சர்க்கரைக்குத் தொற்றுவதே என்பது அவர் கொள்கை. பாஸ்தர் தம் ஆய்வுகளாலும் 1876இல் வெளியிட்ட பியர் பற்றிய நூலாலும் உயிர்க்கட்சியை நிலைநிறுத்தினார். 1897இல் புக்னர், உயிரணுக்களை அரைத்துப் பிழிந்த சாறும் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்று காட்டியபோது, தோற்றவராகக் கருதப்பட்ட லீபிக்கின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது தெரியவந்தது.

இந்த வரலாறு இங்கே வேண்டப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. நொதிப்பு வெறும் வேதிவினையாக மட்டும் இருந்தால், அது நின்றது என்றால் வினைக்குரிய பொருள் தீர்ந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதைச் செய்வது ஓர் உயிர் என்றால் நிலைமை வேறு. உண்பதை நிறுத்திய உயிர், சோறு தீர்ந்ததால் நிறுத்தியிருக்கலாம், குளிரில் ஒடுங்கியிருக்கலாம், தன் கழிவான சாராயத்தின் கடுமை தாங்காமல் சோர்ந்திருக்கலாம், உண்பதற்கு மிச்சம் இருக்கும்போதே ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிந்துமிருக்கலாம். செயலின் இன்மையிலிருந்து உணவின் இன்மைக்குத் தாவுவதற்கு இடையில் இத்தனை பள்ளங்கள் உள்ளன.

வீட்டில் காய்ச்சுவோர் முதலில் நம்புவது குமிழியை. கலத்தின் மூடியில் ஏர்லாக் எனப்படும் சிறு வளைகுழாய் இருக்கும். அதில் நிற்கும் நீர், உள்ளிருந்து வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாது. குமிழி வந்தால் நொதிப்பு நடக்கிறது, வராவிட்டால் முடிந்தது என்று கொள்ளும் இந்த அனுமானம், புகையைக் கண்டு நெருப்பைக் கருதும் பழைய எடுத்துக்காட்டைப்போலத் தோன்றினாலும், அதன் உறுதி இதற்கு இல்லை. நொதிப்பு முடிந்த ஏலிலும் வாயு கரைந்தே இருக்கும்; அறை சற்று வெப்பமானாலோ, மழைக்கு முன் காற்றழுத்தம் தாழ்ந்தாலோ, கரைந்திருந்தது வெளியேறிக் குமிழியிடும். மறுபுறம், மூடி சரியாகப் பொருந்தாத கலத்தில் நொதிப்பு மும்முரமாக நடக்கும்போதும் வாயு விளிம்பு வழியே கசிந்துபோக, ஏர்லாக் வாய்திறக்காது. ஏது என்பது அனுமானத்துக்கு அடிப்படையான காரணம். நிறுவ வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏதுவை, ஏதுப்போலி வகைகளுள் அநைகாந்திகம் என்று மணிமேகலையின் 29ஆம் காதை வகுத்துரைக்கிறது. குமிழி அதற்கு அச்சொட்டான எடுத்துக்காட்டு.

மணிமேகலைக்கும் நொதிப்புக்கும் இதைவிட நேரான உறவும் உண்டு. அதன் 27ஆம் காதையில் வரும் பூதவாதி, அதாவது நிலம் நீர் முதலிய பூதங்களே உள்பொருள் என்னும் உலகாயதச் சார்பினன், அப்பூதங்களின் கூட்டத்தில் உணர்வு எவ்வாறு பிறக்கிறது என்பதற்கு, தாதகிப் பூவும் வெல்லக் கட்டியும் பிறவும் கூட்டியவிடத்து மதுவின் களிப்பு பிறப்பதை உவமையாக்குகிறான். தனித்தனியே எதிலும் இல்லாத களிப்பு கூட்டில் தோன்றுகிறது என்பது அவன் வாதத்தின் வலிமை. எப்போது தோன்றுகிறது, எப்போது நிறைவுறுகிறது என்று அவனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் வாதம் இன்னும் சுவையாகியிருக்கும். அதே தாதகிப் பூ இன்றும் அரிஷ்டம், ஆசவம் என்னும் ஆயுர்வேத நொதி மருந்துகளில் சேர்க்கப்படுகிறது. அவற்றைச் செய்வோர் எரியும் திரி ஒன்றைப் பாத்திரத்தின் வாய்க்குள் இறக்கி, அது அணைந்தால் கரியமில வாயு இன்னும் எழுகிறது என்றும், அணையாமல் எரிந்தால் நொதிப்பு அடங்கியது என்றும் கொள்வது வழக்கம்.

இன்மையை அறிவது பற்றிய வாதத்தில் பாட்ட மீமாஞ்சையின் முதல்வரான குமாரிலர், காணாமையே ஒரு தனி அளவை என்றார். அனுபலப்தி என்றும் அபாவம் என்றும் அது பெயர்பெறும். நியாய நூலார் அதனை ஏற்காமல், தரையைக் காணும் கண்ணே குடத்தின் இன்மையையும் காண்கிறது என்றனர். பௌத்தரான தருமகீர்த்தி, காணாமை கருதலுக்கு உதவும் மூவகை ஏதுக்களுள் ஒன்றே என்று முடித்தார். தமிழில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், அபாவம் முதலியவற்றைப் பிறர் அளவைகளாகக் கொள்வதைச் சொல்லி, அனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்கிறார். இவர்கள் எங்கெங்கோ வேறுபட்டாலும், காணாமை எப்போது செல்லுபடியாகும் என்பதில் அனுபலப்தியைப் பேசிய இரு பெரும் மரபுகளும் ஒரே நிபந்தனையை வைத்தன: அந்தப் பொருள் இருந்திருந்தால் கட்டாயம் காணப்பட்டிருக்கும் என்ற நிலை இருக்கவேண்டும். இருட்டறையில் குடம் தென்படவில்லை என்பது குடம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. வெளிச்சம் வேண்டும், கண் பழுதற்றிருக்க வேண்டும், குடமும் கண்ணுக்குப் புலனாகும் பொருளாக இருக்க வேண்டும். இந்தத் தகுதியை வடமொழியார் யோக்கியதை என்றனர். இன்றைய பேச்சில் யோக்கியம் என்பது நேர்மையைக் குறிக்க ஒதுங்கிவிட்டாலும், அதன் பழம்பொருள் இதுவே.

ஏல் காய்ச்சும் கலையில் பயனுள்ள சோதனைகள் அனைத்தும் இந்த நிபந்தனையை நிறைவேற்றும் முயற்சிகளே என்பது இக்கட்டுரையின் கருத்து. ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதை, ‘இருந்திருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை’ என்பதாக மாற்றுவதே அவற்றின் வேலை.

இவற்றுள் முதன்மையானது ஹைட்ரோமீட்டர் எனப்படும் நீர்மமானி; அடியில் கனமேற்றிய மெல்லிய கண்ணாடிக் குழல், திரவத்தில் மிதக்கவிட்டால் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதைக்கொண்டு ஒப்படர்த்தியை, அதாவது நீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் அந்தத் திரவத்தின் அடர்த்தி எவ்வளவு என்பதைக் காட்டும். ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் வெளியிட்ட நூலால் இது ஆங்கிலேய ஆலைகளில் வேரூன்றியது. சர்க்கரை நிறைந்த சாறு தொடக்கத்தில் 1.048 காட்டினால், நொதித்து முடிந்த ஏல் 1.012 அளவில் நிற்கலாம். இரண்டின் வேறுபாட்டை ஏறத்தாழ 131 ஆல் பெருக்கினால் 4.7 விழுக்காடு சாராயம் என்று கிடைக்கும். இந்தக் கருவியைப் பயன்படுத்துவதில் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. நொதிக்கும் திரவத்தில் இறக்கிய குழலின் உடம்பெங்கும் நுண்குமிழிகள் முத்துமுத்தாக ஒட்டி அதை மேலே தூக்கும். தூக்கினால் அடர்த்தி உள்ளதைவிட மிகுந்து காட்டும். ஆகவே குழலின் தலையை விரல்களால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, குமிழிகள் உதிர்ந்து அது நிலைகொண்டபின், குழலை ஒட்டி விளிம்பில் ஏறி நிற்கும் திரவத்தைக் கொள்ளாமல் தாழ்ந்த மட்டத்தோடு கண்ணைச் சமமாக வைத்துப் படிக்கவேண்டும். ‘கண்ணால் கண்டேன்’ என்று ஒருவர் சொல்லும் எண்ணுக்குள்ளும் இத்தனை தயாரிப்பு இருக்கிறது. மேலும், சாராயம் நீரைவிட இலேசானது என்பதால் அந்த எண் மிஞ்சிய சர்க்கரையை நேரே சொல்வதில்லை. சர்க்கரை குறைந்ததும் சாராயம் கூடியதும் கலந்த ஒரு தோற்றத்தையே சொல்கிறது. காட்சி என்று நினைக்கப்படுவது இங்கே பாதிக்குமேல் கருதல்.

ஒரே ஒரு முறை பார்த்த எண் எதையும் மெய்ப்பிக்காது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல் நின்றால்தான் முடிந்தது எனலாம் என்பது எல்லாரும் சொல்லும் விதி. செய்முறைக் குறிப்புகள் ‘இரண்டு வாரம்’ என்று எழுதிவிடுவதைவிட இது எவ்வளவோ மேல், ஏனெனில் அந்த இரண்டு வாரம் யாருடைய அறையின் வெப்பத்தில், எந்த ஈஸ்ட்டைக்கொண்டு என்று குறிப்பு சொல்வதில்லை. ஆயினும் மாறாமை என்பதும் கருவியின் கூர்மைக்கு உட்பட்டதே. வீட்டு நீர்மமானிகளில் கோடுகள் பெரும்பாலும் 0.002 இடைவெளியில் இருக்கும். மூடிய குப்பிக்குள் ஒப்படர்த்தி 0.002 குறையுமானால், அதனால் பிறக்கும் கரியமில வாயு இயல்பான அழுத்தத்தில் ஏறத்தாழ ஏலின் கன அளவுக்குச் சமமான இடத்தை அடைக்கும். ஆங்கிலேய ஏல் குப்பியில் ஏற்றவேண்டிய மொத்த வாயுவே அதன் இரண்டு மடங்கு அளவுதான். இரு கோடுகளுக்கு நடுவே கண் தவறவிட்ட இடத்தில் ஒரு குப்பி நிறைய வாயு ஒளிந்துகொள்ள முடியும் என்பது இதன் பொருள். 1.012இல் நிற்கவேண்டியது 1.020இல் ஒடுங்கி நிற்க, அதை முடிவு என்று நம்பிக் குப்பியில் அடைத்துச் சூடான இடத்தில் வைத்தவர், ஏலின் கன அளவைப்போல் நான்கு மடங்கு வாயுவைக் கூடுதலாக அடைத்துவைத்திருக்கிறார். வேறு சில ஈஸ்ட் வகைகள், மற்றவை தொடாத நீள்சங்கிலிச் சர்க்கரைகளையும் மெல்ல மெல்ல அறுத்துத் தின்பவை. அவற்றின் முன் மூன்று நாள் மாறாமையும் ஏதுப்போலிதான்.

இந்த இடரைக் கடக்க ஆலைகள் கையாளும் ஒரு சோதனை, தருக்க நோக்கில் மிக அழகியது. காய்ச்சிய நாளிலேயே சாற்றில் சிறிதளவைத் தனியே எடுத்து, ஈஸ்ட்டை அளவுக்கு மிஞ்சிக் கொட்டி, வெதுவெதுப்பான இடத்தில் அடிக்கடி குலுக்கிவந்தால், பெரிய கலம் ஒரு வாரத்தில் அடையும் எல்லையை அது ஓரிரு நாளில் அடைந்துவிடும். பெரிய கலம் எந்த எண்ணில் நிற்கவேண்டும் என்பது அதனால் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஈஸ்ட்டுக்குக் குளிர், சோர்வு, குறைவு என்று சொல்லக்கூடிய சாக்குகள் அனைத்தையும் நீக்கிவிட்டால், அதன்பின் அது நிற்பதற்கு உணவின்மை ஒன்றே காரணமாக மிஞ்சும். இருட்டறையில் விளக்கேற்றுவது போன்றது இது.

இதுவரை பேசியது நொதிப்பின் முடிவு. முடிந்தது, முதிர்ந்தது என்னும் இரண்டையும் தமிழ் வேறுவேறாகச் சொல்கிறது. வீட்டில் காய்ச்சுவோர் குழம்புவது இவ்விடத்தில்தான். அரிஸ்டாட்டில் தம் மெய்ப்பொருளியல் நூலில், வீடு கட்டுதல் போல இலக்கை அடையும்வரை நிறைவுறாத செயலையும், பார்த்தல் போல ஒவ்வொரு கணத்திலும் தன்னளவில் நிறைந்திருக்கும் செயலையும் பிரித்தார். ஏல் காய்ச்சுதல் காய்ச்சுபவருக்கு முதல்வகைச் செயல். ஈஸ்ட்டுக்கோ அதில் ஏல் என்னும் இலக்கே கிடையாது, அது தின்கிறது, பெருகுகிறது, அவ்வளவே. எனவே சர்க்கரை தீர்ந்த இடம் ஈஸ்ட்டின் எல்லையாகலாம். அதுவே ஏலின் நிறைவு என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நொதிப்பு ஓய்ந்த இளம் ஏலைச் சுவைத்தால் பச்சை ஆப்பிளை ஒத்த ஒரு வாடை வரும். அது சாராயம் உருவாகும் வழியில் பிறக்கும் அசிட்டால்டிஹைடு. வெண்ணெய் மணம் வந்தால் அது டைஅசிட்டைல். ஈஸ்ட் தான் முன்பு வெளியே தள்ளியவற்றையே, சர்க்கரை தீர்ந்தபின், மீண்டும் உள்ளே இழுத்து மாற்றித் தீர்க்கிறது. பக்குவப்படுத்தலின் பெரும்பகுதி இந்தத் தன் எச்சிலைத் தானே துடைக்கும் வேலைதான். இங்கே ஒரு சிக்கல்: டைஅசிட்டைலின் முன்வடிவப் பொருளுக்கு மணமே கிடையாது. இன்று மணமின்றித் தெளிவாக இருக்கும் ஏல், முன்வடிவம் மிஞ்சியிருந்தால், குப்பிக்குள் சென்ற சில வாரங்களில் வெண்ணெய் நாறும். மோந்து பார்த்து ‘இல்லை’ என்று சொல்வது, புலனாகாத பொருளைக் காணவில்லை என்று சொல்வதற்கு ஒப்பு. இதற்கு ஆலையில் செய்வது எளிய செயல். இரண்டு குவளைகளில் ஏலை எடுத்து, ஒன்றை மூடி ஏறத்தாழ 60 முதல் 70 பாகை வெந்நீரில் அரைமணி நேரம் வைத்து, ஆறவிட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி மோந்து பார்ப்பர். வெப்பம் மறைந்திருந்த முன்வடிவத்தை டைஅசிட்டைலாக மாற்றிவிடும். சூடாக்கிய குவளையில் வெண்ணெய் மணம் எழுந்தால் ஈஸ்ட்டின் வேலை பாக்கி இருக்கிறது, இரண்டும் ஒன்றுபோல இருந்தால் பாக்கி இல்லை. இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்னும் நிபந்தனையை இவ்வளவு கச்சிதமாக நிறைவேற்றும் சோதனை தருக்க நூல்களின் எடுத்துக்காட்டுகளிலும் அரிது.

ஆனால் குறைகள் தீர்ந்தன என்பதை நிறுவுவதால் பக்குவம் வந்தது என்று நிறுவியதாகுமா? ஆகாது என்றே கொள்ளவேண்டும். பாகின் பதம், பழத்தின் கனிவு என்று அடுக்களையில் வழங்கும் பக்குவம் என்னும் சொல்லைச் சைவ சித்தாந்தம் உயிருக்கும் கொண்டுசென்றது. ஆணவமலம் நீங்கும் அளவுக்குக் கனிதல் மலபரிபாகம். அதற்கேற்ப அருள் பதிதல் சத்திநிபாதம். அது மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என நான்கு படிகளை உடையது. அங்கே கனிவு ஒரே வெட்டில் வருவதன்று. கனிந்த உயிர் தன் கனிவைத் தானே சான்றுகாட்டி நிறுவுவதுமில்லை, குருவே அதனை அறிகிறார். நார்விச் மக்கள் ஈஸ்ட்டை அருள் என்றதற்கும் இதற்கும் வரலாற்று உறவு எதுவும் இல்லை. எனினும், இல்லாமையை எண்ணால் நிறுவலாம், கனிவை அறிந்தவர்தாம் சொல்லவேண்டும் என்னும் வேறுபாடு இரண்டிடத்தும் ஒன்றே. 1.012 என்ற எண் கசப்பான இளம் ஏலுக்கும் கனிந்த ஏலுக்கும் பொதுவானது. நாக்கு அவற்றைப் பிரிக்கும், நாக்கையும் பழக்கவேண்டும்.

1971இல் தோன்றிய, பிரித்தானிய ஏல் அன்பர்களின் கேம்ரா இயக்கம், எந்தக் கலத்திலிருந்து ஊற்றப்படுகிறதோ அதே கலத்துக்குள் இரண்டாம் நொதிப்பால் முதிர்ந்ததையே உண்மையான ஏல் என்று வரையறுத்தது. வடிகட்டி, ஈஸ்ட்டை நீக்கி, வெளியிலிருந்து வாயுவை ஏற்றிய பியருக்கு அது மறுப்பு. இந்த வரையறையின்படி ஏல் முடிந்துவிட்டால் அது ஏலாகவே இராது. 11 முதல் 13 பாகை வரை குளிர்ந்த நிலவறையில் கிடத்திய பீப்பாயின் மேற்புறத் துளையில், நிலவறைக்காரர் நுண்துளைகள் கொண்ட மென்மரத்தாலான சிறு ஆப்பு ஒன்றை அடிக்கிறார். மிகுந்த வாயு அதன் வழியே நுரைத்து வெளியேறும். அவர் துணியால் நுரையைத் துடைத்துவிட்டு நின்று பார்ப்பார். உடனே நுரை திரும்பினால் காத்திருப்பார். துடைத்த இடம் சில நொடிகள் வெறுமையாக இருந்தபின் மெல்ல ஒரு குமிழி எழுந்தால், மென்மர ஆப்பைப் பிடுங்கிக் கடின மர ஆப்பை அடித்து வாயுவை உள்ளே நிறுத்துவார். ஏர்லாக்கில் பொய்சாட்சி சொன்ன குமிழி இங்கே மெய்ச்சாட்சி ஆகிறது. ஏனெனில் வெப்பம் நிலையானது, கசிவதற்கு வேறு வழியில்லை, அவர் கேட்கும் கேள்வியும் ‘நின்றதா’ என்பதன்று, ‘எவ்வளவு மெதுவானது’ என்பது. மீனின் காற்றுப்பையிலிருந்து செய்த பசை ஈஸ்ட்டை அடியில் இழுத்துத் தெளிவித்தபின், ஒரு குவளை பிடித்து, வெளிச்சத்தில் பார்த்து, மோந்து, ஒரு வாய் குடித்து, அவர் சரி என்பார். குழாய் திறந்து காற்று உட்புகுந்த பீப்பாய் பொதுவாக மூன்று நாளுக்குள் தீரவேண்டும். அதற்குமேல் புளிக்கத் தொடங்கும்.